நாணில் பதியும் விரல்கள்

நாவுக்குத் தாய்மொழி இருப்பது போலக் கைக்கும் ஒரு தாய்மொழி உண்டு. அதுவும் கற்பிப்பார் இன்றியே கற்றுக்கொள்ளப்படுவது. பிள்ளைப் பருவத்தில் படிந்து, பின் எளிதில் நீங்காதது. போடிநாயக்கனூரில் பிறந்தவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஏலச்செடியின் சரம் தூரிலிருந்து கிளைத்துத் தரையை ஒட்டிக் கிடப்பது. அதில் முற்றிய காயை மட்டும் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் பற்றி, அருகிலுள்ள பிஞ்சு உதிராமல் எடுக்க வேண்டும். நாள் முழுதும் குனிந்தபடி இதனைச் செய்யும் பெண்களின் விரல்கள் கண்ணின் துணையை மிகுதியாக நாடுவதில்லை. என் அத்தா போடியில் ஏலக்காய்க் கடை வைத்திருந்தார்கள். காயை இருவிரலிடை உருட்டிய அளவிலேயே அதன் தரத்தைச் சொல்லிவிடுவார்கள்.

கையின் தாய்மொழி ஒருவனுடைய கல்விக்கே தடையாகுமோ என்னும் வினா, சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் துறை மாணவன் ஒருவனால் என் முன் எழுந்தது. போடிமெட்டுச் சரிவில் ஏலக்காய் எடுக்கும் தாயின் மகன் அவன். தன் குடும்பத்தில் முதன்முதல் கல்லூரிப் படி ஏறியவன். தோட்டத்திற்குள் புகும் குரங்குகளை விரட்ட அவனுடைய தாத்தா மூங்கிலால் உண்டைவில் செய்து தந்திருந்தார். அம்புக்கு மாறாக மண்ணுருண்டையை எய்யும் வில் அது. இரட்டை நாணின் நடுவே ஒரு சிறு பை இருக்கும். உருண்டையைப் பையோடு சேர்த்துக் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் கிள்ளிப் பிடித்து இழுக்க வேண்டும். இராமன் இளமையில் கூனியின் மீது எய்ததாகக் கம்பர் சொல்வதும் இத்தகைய வில்லுண்டையே. இன்று 'உண்டிவில்' என்றால் நம் பிள்ளைகள் ரப்பர் கட்டிய கவட்டையையே எண்ணுவர். பொருள் மாறியும் பெயர் நிலைத்த சொற்களுள் இதுவும் ஒன்று.

மாணவனின் குறிதவறாக் கையைக் கண்ட பயிற்சியாளர் ஒருவர் அவனை வில்வித்தை அணிக்கு அழைத்தார். அணியில் இடம் கிடைத்தால் கட்டணச் சலுகை கிடைக்கும். அச்சலுகை இன்றேல் இரண்டாம் ஆண்டைத் தொடர்வது அவன் வீட்டாருக்கு அரிது. ஆனால் பயிற்சியாளர் ஒரு நிபந்தனை விதித்தார். கிள்ளிப் பிடிக்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். சுட்டுவிரல் அம்பின் குதைக்கு மேலேயும், நடுவிரலும் மோதிரவிரலும் கீழேயும் நாணில் பதிய வேண்டும். கட்டைவிரல் உள்ளங்கைப் பக்கம் மடங்கிச் சும்மா இருக்க வேண்டும்.

சொல்வதற்கு இது எளிது. ஆயின் விரல் மாறினால் பிற யாவும் மாறும். கிள்ளிப் பிடித்த கை இறுக்கத்தைத் தளர்த்தினால் போதும். நாண் தானே நழுவும். கொக்கி போல் வளைந்த மூன்று விரல்களோ ஒரே நொடியில் நெகிழ வேண்டும். ஒன்று பிந்தினும் அம்பு விலகும். சுட்டுவிரலும் நடுவிரலும் தம்மை அறியாமல் குதையை நெருக்கினால் அம்பு தாங்கியிலிருந்தே சரிந்துவிடும். முதல் மாதத்தில் அவனுடைய அம்புகள் பல இலக்குப் பலகையையே தொடவில்லை. முன்பு கண்ணிமைக்குமுன் குறி பார்த்தவன், நாணைத் தொடவே தயங்கினான். ஒருநாள் துறைக்கு வந்து, "ஐயா, நானும் கட்டைவிரலைக் கொடுத்துவிட வேண்டியதுதானா?" என்றான்.

ஏகலைவன் கதையை வகுப்பில் அவனுக்குக் கற்பித்தவன் நான். அவ்வினா பயிற்சியாளரை மட்டும் நோக்கியதாக எனக்குத் தோன்றவில்லை. ஆசிரியத் தொழில் செய்வார் எல்லாரையும் நோக்கியதாகவே பட்டது. ஆகவே உடனே விடை கூறாது, அது பற்றிப் படிக்கலானேன்.

உலகத்து வில்லாளர் நாணைப் பற்றும் முறைகளை எட்வர்டு மோர்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர் 1885இல் ஐந்தாக வகுத்தார். கட்டைவிரலும் வளைந்த சுட்டுவிரலும் அம்பின் அடியைக் கிள்ளிப் பிடிப்பதை அவர் 'முதல்நிலை' என்றார். என் மாணவனின் பிடி அதுவே. அவன் தாய் ஏலக்காய் எடுக்கும் பிடியும் அதுவே. வலிமை மிக்க வில்லை இவ்வாறு முழுமையாக இழுக்க இயலாது என்பது இதன் குறை. மூன்று விரல் பிடி 'நடுநிலக்கடல் முறை' எனப்படும். கட்டைவிரலை நாணில் மாட்டி, அதன்மேல் சுட்டுவிரலைப் பூட்டுவது 'மங்கோலிய முறை'. குதிரைமீது விரைந்து செல்லும் வில்லாளர் இதனையே பெரிதும் கையாண்டனர்.

வில் பயில்வதை நபிகள் நாயகம் (ஸல்) ஊக்குவித்தமையால் அரபு மொழியில் இக்கலை பற்றிய நூல்கள் பல தோன்றின. 14ஆம் நூற்றாண்டில் மம்லூக் ஆட்சிக் காலத்தில் தைபுகா என்பவர் இயற்றிய நூல் அவற்றுள் ஒன்று. அரபியர் விரல்களை மடக்கி எண்களைக் குறிக்கும் வழக்கம் உடையவர். கட்டைவிரல் பூட்டை அவர்கள் 'அறுபத்து மூன்று' என்று அழைத்தனர். அந்த எண்ணைக் காட்டும் விரல்நிலையும் இப்பூட்டும் ஒன்றாக இருந்தமையே காரணம். நாண் அறுக்காதிருக்கக் கட்டைவிரலில் மோதிரம் அணிவர். முகலாயர் காலத்து மணிக்கல் மோதிரங்களை இன்றும் அருங்காட்சியகங்களில் காணலாம். தமிழிலும் விரலுறைக்குப் 'புட்டில்' என்னும் பெயர் உண்டு. 'இராவுத்தர்' என்னும் சொல்லுக்குக் குதிரை வீரர் என்பது பொருள். அப்பெயர் தாங்கிய எங்கள் குடும்பத்திலோ விரல்கள் அறிந்ததெல்லாம் ஏலக்காயும் தராசும்தாம்.

இவ்வளவும் படித்தபின் ஏகலைவன் கதை எனக்கு வேறு ஒளியில் தெரிந்தது. கட்டைவிரலை இழந்தபின் அவன் வில்லைத் துறந்துவிடவில்லை. எஞ்சிய விரல்களால் எய்தான் என்றும், முன்னைய விரைவு அவன் கைக்கு வாய்க்கவில்லை என்றும் பாரதத்தின் ஆதிபருவம் கூறுகிறது. நாணில் விரல் மாற்றிய கதைகளுள் நம் நாட்டில் பெரிதும் அறியப்பட்டது அவனுடையதே. மத்தியப் பிரதேசத்தின் அலிராஜ்பூர்ப் பகுதியில் வாழும் பில் இனத்தவர், அவன் நினைவாக இன்றும் கட்டைவிரல் தொடாது எய்வர் என்பர். இன்றைய ஒலிம்பிக் களத்தில் 70 மீட்டர் தொலைவிலுள்ள இலக்கை நோக்கி நிற்போரும் மூன்று விரல்களாலேயே நாணை இழுக்கின்றனர். மூங்கில் வில்லோடு வளர்ந்த இராஜஸ்தான் பழங்குடி இளைஞர் லிம்பா ராம், 1992இல் பெய்ஜிங் ஆசியப் போட்டியில் உலகச் சாதனையைச் சமன் செய்தது இத்தகைய புதுவகை வில்லைக் கற்றுத் தேர்ந்த பின்னரே.

எனவே மாணவனை அழைத்து, நான் எண்ணியதைச் சொன்னேன். துரோணர் கேட்டது ஒரு விரலை. பயிற்சியாளர் கேட்பதோ மேலும் இரண்டு விரல்களின் உழைப்பை. முன்னது கையைக் குறைத்தது. பின்னது கையைப் பெருக்குவது. ஆயினும் பழைய பிடியை இழிந்தது என்று எவரேனும் சொன்னால் அதை ஏற்க வேண்டா. இது ஒரு வில்லுக்குரியது. அது வேறொரு வில்லுக்குரியது.

பயிற்சியாளரும் நல்லவர். இலக்கையே கழற்றிவிட்டார். நான்கைந்து அடி தொலைவில் வைக்கோல் கட்டை நிறுத்தி, மெல்லிய வில்லைத் தந்து, கண்ணை மூடிக்கொண்டு எய்யச் சொன்னார். குறி இல்லாதபோது தவறு என்பதும் இல்லை. விரல் தன் புதிய பாடத்தை மட்டுமே படிக்கும். சில வாரங்களில் மாணவனின் முகம் தெளிந்தது. ஆயினும் அவ்வாண்டு அணித் தேர்வில் அவனுக்கு இடம் கிடைக்கவில்லை. சலுகையும் இல்லை. ஆசிரியர் சிலர் சேர்ந்து கட்டணத்தின் ஒரு பகுதியை ஏற்றோம். எஞ்சியதற்கு அவன் தாய் முன்பணம் வாங்கினார். அடுத்த ஆண்டு அணியில் அவன் பெயர் இருந்தது.

பின்னொரு நாள் அவன் தாத்தாவைக் கண்டபோது, பேரன் பிடியை மாற்றியதில் வருத்தமோ என்று வினவினேன். "அதுல என்ன வருத்தம், வாத்தியாரய்யா? குரங்குக்கு இந்தப் பிடி, கோப்பைக்கு அந்தப் பிடி. லீவுக்கு வந்தா இந்த வில்லத்தான எடுக்கான்" என்றார்.

என் தொழிலுக்கு அச்சொல் பெரிதும் பயன்படுகிறது. அம்பைத் தொடுப்பதும் தொடுத்தலே. பூவைத் தொடுப்பதும் தொடுத்தலே. செய்யுளில் அமைவதும் தொடையே. மலைச்சரிவுப் பிள்ளைகள் தம் வீட்டுப் பேச்சோடு வகுப்புக்கு வருகின்றனர். கட்டுரை நடையை நான் அவர்களுக்குக் கற்பித்தே ஆக வேண்டும். தேர்வுத்தாள் அதனையே கேட்கிறது. ஆனால் வீட்டுப் பேச்சைக் கொச்சை என்று அடித்துத் திருத்துவது கட்டைவிரலைக் கேட்பதற்கு ஒப்பாகும். முதல் பருவத்தில் நான் மதிப்பெண் இடாமலே சில கட்டுரைகளை எழுதச் சொல்வதுண்டு. சிவப்பு மையின் அச்சம் இல்லாதபோது, புதிய நடை அவர்கள் கைக்கு விரைவில் வசப்படுவதைக் கண்டிருக்கிறேன். அவர்கள் விடுமுறைக்கு மலை ஏறும்போது, தாயிடம் பேசுதற்குப் பழைய மொழியும் அவர்கள் நாவில் குறையாது இருக்க வேண்டும்.