மன்னார்குடி மாடியில் ஒரு தீம்

மன்னார்குடிக்குப் போனதற்குக் காரணம் நின்றுபோன ஒரு சிற்றிதழ். எழுபதுகளின் கடைசியில் தொடங்கித் தொண்ணூறுகளில் நின்ற காலாண்டிதழ். பெயரை இப்போது போட வேண்டாம், தளம் வெளிவந்த பிறகு போட்டுக்கொள்ளுங்கள் என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். பழைய இதழ்களைத் தட்டச்சு செய்து முடித்தாயிற்று. வலையில் ஏற்றும் வேலையை அவருடைய தம்பி மகள் எடுத்துக்கொண்டிருக்கிறாள். சென்னையில் மென்பொருள் வேலை. பொங்கல் விடுமுறைக்கு வந்திருந்தாள். மாடி அறையில் ஒரு லேப்டாப், ஒரு பழைய மானிட்டர், கட்டுக்கட்டாக இதழ்கள். முதல் கமாண்டிலிருந்து பார்க்க வேண்டும் என்று நான் கேட்டிருந்ததால் காத்திருந்தார்கள்.

இதற்கு முன்பும் ஒரு தளம் இருந்திருக்கிறது. டேட்டாபேஸ், லாகின், பிளகின் எல்லாம் வைத்து யாரோ செய்து கொடுத்தது. பார்த்துக்கொள்ள ஆளில்லை, ஒரு வருடம் பணம் கட்ட விட்டுப்போயிற்று, தளமும் போயிற்று. அதனால் இந்த முறை ஸ்டாடிக் சைட்தான் என்பதில் இருவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. வாசகர் வந்து கேட்ட பிறகு சர்வர் பக்கத்தைத் தயாரிப்பதில்லை. எல்லாப் பக்கங்களும் எச்.டி.எம்.எல். ஃபைல்களாக முன்பே தயாராக இருக்கும். முழுத் தளத்தையும் பென்டிரைவில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம். ஆசிரியருக்குப் பிடித்தது இந்த ஒன்றுதான்.

பக்கங்களைத் தயாரித்துத் தரும் கருவிகள் பல. 2008-ல் டாம் பிரஸ்டன்-வெர்னர் ரூபி மொழியில் எழுதிய ஜெகில் இவற்றில் மூத்தவற்றுள் ஒன்று. 2013-ல் ஸ்டீவ் பிரான்சியா தொடங்கிய ஹியூகோ, கோ மொழியில் எழுதப்பட்டது; நிறுவுவதற்கு ஒரே ஒரு ஃபைல் போதும், வேகமும் அதிகம். அவள் ஹியூகோவை எடுத்தாள். தளத்துக்குத் தோற்றம் தரும் தீம் விஷயத்தில்தான் நிறைய யோசித்திருக்கிறாள். தீம் பட்டியலில் எல்லா டெமோவும் அழகாகத்தான் இருக்கும். டெமோவை அவள் நம்பவில்லை. இதழிலிருந்து ஒரு நீண்ட கட்டுரையையும் ஒரு கவிதையையும் எடுத்து ஒவ்வொரு தீமிலும் போட்டுப் பார்த்துக் கழித்துக்கொண்டே வந்திருக்கிறாள். பெரிய படம் இல்லாவிட்டால் பல்லிளிக்கும் தீம்கள் முதலில் போயின. மிஞ்சியது பேப்பர்மோட். படமே இல்லாமல் வெறும் எழுத்தை வைத்துக்கொண்டும் நிற்கக்கூடியது.

நிறுவுவதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. டெர்மினலில் ஹியூகோவிடம் புதிய சைட் கேட்டாள். கன்டென்ட், லேஅவுட்ஸ், ஸ்டாடிக், அசெட்ஸ், தீம்ஸ் என்று ஃபோல்டர்கள் வந்தன. மாற்றங்களைப் பதிவுசெய்துவைக்கும் கிட்டைத் தொடங்கினாள். தீமின் ஃபைல்களை நகலெடுத்து ஒட்டாமல் கிட் சப்மாட்யூலாகச் சேர்த்தாள். அதாவது தீம் வேறொருவருடைய கிடங்கிலேயே இருக்கும். எந்தப் பதிப்பை எடுத்தோம் என்ற குறிப்பு மட்டும் நம்மிடம் இருக்கும். கான்ஃபிக் ஃபைலில் தீமின் பெயரை ஒரு வரியில் எழுதி, ஹியூகோ சர்வரை ஓடவிட்டு, பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் 1313-ஐத் திறந்தாள். தளம் வந்துவிட்டது. ஆசிரியர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"முடிஞ்சுதா?"

"இனிமேத்தான் பெரியப்பா ஆரம்பமே."

எழுத்துருவில் தொடங்கினாள். பேப்பர்மோட் தனக்கென்று எழுத்துரு எதையும் கொண்டுவருவதில்லை. வாசகரின் கருவியில் இருப்பதையே பயன்படுத்திக்கொள்ளும். ஆங்கிலத்துக்கு அது புத்திசாலித்தனம். தமிழுக்கு அது கருவிக்கொரு முகம். அவள் விண்டோஸ் லேப்டாப்பில் நிர்மலா, என் ஆண்ட்ராய்டு போனில் நோட்டோ சான்ஸ், யாரோ கொடுத்துவைத்திருந்த மேக்கில் தமிழ் சங்கம். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது ஒரே கட்டுரை மூன்று பத்திரிகைகளில் வந்ததுபோல இருந்தது. இதழ் என்றால் அதற்கு ஒரே முகம்தான் இருக்க வேண்டும் என்று ஆசிரியர் அடித்துச் சொன்னார். எனக்கும் அதுவே சரியென்று பட்டது.

எந்த எழுத்துரு? முக்த மலர், கேடமரன், ஹிந்த் மதுரை, நோட்டோ செரிஃப் தமிழ் நான்கையும் அதே கட்டுரையில் போட்டுக் காட்டினாள். கேடமரன் தலைப்புக்கு நன்றாக இருந்தது. நீண்ட பத்தியில் கண் களைத்தது. கோட்டின் தடிப்பும் மெலிவும் மாறிவரும் நோட்டோ செரிஃபில் பழைய அச்சு எழுத்தின் சாயல் கொஞ்சம் தெரிந்தது. ஆசிரியர் அதில்தான் விரலை வைத்தார். அவள் வெளியிலிருந்து இணைக்கவில்லை. வேண்டிய இரண்டு தடிப்புகளை மட்டும் இறக்கி, தளத்தின் ஸ்டாடிக் ஃபோல்டரிலேயே போட்டாள். அதோடு யூனிகோடில் தமிழுக்கென்று ஒதுக்கிய 128 இடங்களுக்கு மட்டும் இந்த எழுத்துரு என்று எல்லை கட்டினாள். இடையில் வரும் ஆங்கிலச் சொற்களும் எண்களும் வேறு எழுத்துருவில் வரும்.

இதையெல்லாம் எங்கே எழுதுகிறாள் என்று கவனித்தேன். தீம் ஃபோல்டருக்குள் அவள் கை போகவே இல்லை. ஹியூகோ ஒரு டெம்ப்ளேட்டைத் தேடும்போது முதலில் நம் லேஅவுட்ஸ் ஃபோல்டரைப் பார்க்கும். அங்கே இல்லாவிட்டால்தான் தீமுக்குள் போகும். அதே பெயரில், அதே பாதையில் நம்மிடம் ஒரு ஃபைல் இருந்தால் நம்முடையதே செல்லும். அச்சடித்த படத்தின் மேல் டிரேசிங் தாளை வைத்து, வேண்டிய இடத்தில் மட்டும் வரைகிற வேலை. அடியிலிருக்கும் படத்தில் ஒரு கீறல்கூட விழாது. சி.எஸ்.எஸ்.ஸுக்கு இதைவிடச் சுலபமான வழியைப் பேப்பர்மோட் வைத்திருக்கிறது. அசெட்ஸுக்குள் சி.எஸ்.எஸ்., அதற்குள் எக்ஸ்டெண்டட் என்று ஒரு ஃபோல்டர். அதில் போடும் எந்த ஃபைலும் தீமின் சொந்த ஸ்டைலுக்குப் பின்னால் சேர்ந்துகொள்ளும். தீம் ஃபைலிலேயே நேராகத் திருத்துகிறவர்கள் அடுத்த அப்டேட் வரும் நாளில்தான் விஷயத்தைப் புரிந்துகொள்கிறார்கள்.

அந்த ஃபோல்டரில் போட்ட ஒரே சி.எஸ்.எஸ். ஃபைலோடு வெகுநேரம் மல்லுக்கட்டினாள். உடல் எழுத்துக்கு இந்தத் தீம் வைத்திருக்கும் வரி உயரம் 1.6, அதை 1.8 ஆக்கினாள். தலைப்புகளுக்கு 1.2. ஆங்கிலத் தலைப்பு இரண்டு வரி போனாலும் அது தாங்கும். தமிழில் மேல்வரியின் ‘மூ’வும் ‘ணு’வும் கீழே இறங்க, கீழ்வரியின் புள்ளியும் விசிறியும் மேலே ஏற, இரண்டும் முட்டிக்கொண்டன. 1.5-ல் விலகின. கட்டுரைத் தலைப்பு 40 பிக்சல். போனில் ‘பின்நவீனத்துவத்திற்கு’ என்ற சொல் பாதியில் உடைந்து அடுத்த வரிக்குப் போனது. சிறிய திரைக்கு 28 ஆகக் குறைத்தாள். சாய்வெழுத்து எங்கள் இதழில் எந்தக் காலத்திலும் கிடையாது, அழுத்தம் வேண்டுமானால் தடித்த எழுத்துதான் என்றார் ஆசிரியர். சாய்ந்த வடிவத்தை இறக்கவில்லை என்றால் பிரவுசர் தானாகவே எழுத்தைப் பிடித்துச் சாய்க்கும், பார்க்கச் சகிக்காது. சாய்வு வரும் இடமெல்லாம் நிமிர்த்தித் தடித்ததாக்கினாள்.

ஒரு இடத்தில் இருவருக்கும் முட்டிக்கொண்டது. அச்சில் இருப்பதுபோல வலது ஓரமும் நேராக வர வேண்டும் என்றார் ஆசிரியர். அவள் ஒன்றும் சொல்லாமல் ஜஸ்டிஃபை போட்டுப் போனை அவர் கையில் கொடுத்தாள். வரிக்கு மூன்று நான்கு சொற்கள்தான். அவற்றின் நடுவே விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. சற்று நேரம் பார்த்துவிட்டு, "சரி, எடுத்துடும்மா" என்றார். அச்சுக்கோப்பவர் சொல்லை உடைத்து இடைவெளியைச் சரிசெய்வார். இங்கே அதைச் செய்ய ஆளில்லை.

அடுத்தது தேதி. ஹியூகோவில் தேதியின் வடிவத்தைச் சொல்லும் முறை கோ மொழியிலிருந்து வந்தது, கொஞ்சம் கிறுக்குத்தனமானது. நாள், மாதம், ஆண்டு என்று குறியெழுத்து எழுதுவதில்லை; 2006 ஜனவரி 2, பிற்பகல் 3 மணி 4 நிமிடம் 5 நொடி என்ற ஒரே ஒரு குறிப்பிட்ட நேரத்தை நமக்கு வேண்டிய வடிவில் எழுதிக் காட்ட வேண்டும். மாதம் 1, நாள் 2, மணி 3, நிமிடம் 4, நொடி 5, ஆண்டு 6 என்று அமெரிக்க வரிசையில் அமைந்த எண்கள் அவை. ஆனால் அப்படி எழுதினால் மாதத்தின் பெயர் ஆங்கிலத்திலேயே வரலாம். தளத்தின் மொழி தமிழ் என்று கான்ஃபிக்கில் சொல்லிவிட்டு, ஹியூகோ தயாராக வைத்திருக்கும் நீண்ட தேதி வடிவத்தைக் கேட்டால் மாதம் தமிழில் வந்துவிடுகிறது.

வந்ததே, அது தேவையா என்பது வேறு கேள்வி. காலாண்டிதழுக்கு நாள் ஏது? "14-ஆம் இதழ், ஜூலை–செப்டம்பர்" என்றுதான் அட்டையில் இருக்கிறது. அவள் தேதியை வரிசைப்படுத்த மட்டும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டுரையின் முகப்புக் குறிப்பிலும் ‘இதழ்’ என்று தனியாக ஒரு வரி சேர்த்தாள். தலைப்புக்குக் கீழே விவரம் காட்டும் சின்ன டெம்ப்ளேட்டைத் தீமிலிருந்து தன் லேஅவுட்ஸுக்குள் நகலெடுத்து, தேதி வரும் இடத்தில் அந்த வரியை வைத்தாள். ‘வாசிக்க இத்தனை நிமிடம்’ என்பதையும் அணைத்தாள். நிமிடத்துக்கு இருநூறுக்குச் சற்று மேற்பட்ட சொற்கள் என்று ஹியூகோ கணக்குப் போடுகிறது. ஆங்கிலத்தில் நான்கு சொல் வேண்டிய இடத்தில் ‘வந்திருக்கவேண்டியதில்லை’ என்று ஒரே சொல்லாக முடிக்கிற மொழிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. சமூக ஊடகப் பட்டன்கள் இருந்த வரியும் போயிற்று. கேட்டால், பிடித்தவர்கள் முகவரியை நகலெடுத்து அனுப்பத் தெரிந்தவர்கள்தான் என்கிறாள்.

முகவரி என்றதும் இன்னொன்று. ஃபைலுக்குத் தமிழில் பெயர் வைத்தால் பக்கத்தின் முகவரியும் தமிழில் அமையும். பிரவுசரில் அழகாகத் தெரியும். நகலெடுத்து ஒட்டும்போது பெரும்பாலும் சதவீதக் குறிகளாக விரிந்துவிடும். யூனிகோடின் யு.டி.எஃப்-8 வடிவில் ஒரு தமிழ்க் குறி மூன்று பைட்; ஒவ்வொரு பைட்டும் மூன்று எழுத்தாக விரிகிறது. ‘தலையங்கம்’ என்பதில் புள்ளி, கொம்பு உட்பட ஒன்பது குறிகள். முகவரியில் அது 81 எழுத்து. கட்டுரைத் தலைப்பு முழுவதும் என்றால் வாட்ஸாப்பில் அரைத் திரையை அடைக்கும். அதனால் ஒவ்வொரு கட்டுரைக்கும் இதழ் எண்ணை வைத்து ஒரு குட்டி ரோமன் எழுத்து முகவரி கொடுத்தாள். தமிழ் இதழுக்கு ஆங்கில முகவரியா என்று ஆசிரியருக்கு வருத்தம். எனக்கும் இது முழுச் சம்மதமில்லை.

தேடுதல் பெட்டியில் எதிர்பாராத நன்மை ஒன்று. பேப்பர்மோடின் தேடல் ஃபியூஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தில் ஓடுகிறது. சர்வர் வேண்டாம், வாசகரின் பிரவுசரே தேடிக்கொள்ளும். அச்சு அசலாகப் பொருந்த வேண்டும் என்ற கட்டாயமும் அதற்கு இல்லை. எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம் என்பதை 0 முதல் 1 வரை ஓர் எண்ணால் சொல்லலாம். ‘வீடு’ என்று தேடுகிறவருக்கு ‘வீட்டில்’ கிடைக்க வேண்டிய மொழியில் இந்தத் தளர்வு பெரிய உதவி. அந்த எண்ணைக் கூட்டியும் குறைத்தும் பார்த்து, 0.3-க்குப் பக்கத்தில் நிறுத்தினாள். தொல்லை வேறு இடத்திலிருந்து வந்தது. எல்லாக் கட்டுரைகளின் முழு வாசகமும் ஒரே ஃபைலாகத் திரண்டு தேடல் பக்கத்தோடு இறங்குகிறது. குறிக்கு மூன்று பைட் என்னும்போது அந்த ஃபைல் கனத்துவிடுகிறது. அதைத் தயாரிக்கும் டெம்ப்ளேட்டையும் நகலெடுத்து, தலைப்பு, எழுதியவர், இதழ், சுருக்கம் மட்டும் போகும்படி வெட்டினாள். கட்டுரைக்குள் இருக்கும் சொல்லை இனித் தேட முடியாது. ஆராய்ச்சி மாணவர்களுக்கு இது குறைதான்; கிராமத்து டவரில் வாசிக்கிறவருக்கு நிம்மதி.

பக்கத்தின் அடியில் ஹியூகோ, பேப்பர்மோட் பெயர்களோடு ஒரு சிறிய வரி இருந்தது. அதை எடுத்துவிடலாமா என்று நான் கேட்டேன். தீமின் எம்.ஐ.டி. உரிமம் அதைத் தடுக்கவில்லை. தீமின் ஃபைல்களோடு உரிமக் குறிப்பு இருந்தால் போதும், பக்கத்தில் தெரிய வேண்டியதில்லை என்றாள். ஆசிரியர் குறுக்கிட்டார். 1867-ஆம் ஆண்டு அச்சகச் சட்டத்தின் காலத்திலிருந்து அச்சிட்டவர் பெயரும் ஊரும் போடாமல் இந்தியாவில் ஒரு தாளும் வெளிவரக் கூடாது என்றிருந்தது. நாங்களும் கடைசிப் பக்கத்தில் போட்டோம், இங்கேயும் இருக்கட்டும் என்றார். வரி இருக்கிறது. அதற்கு மேலே பழைய இதழ்களை அச்சிட்ட அச்சகத்தின் பெயரும் ஏறிவிட்டது.

வெளியிடுவதற்கு கிட்ஹப் பேஜஸ். பொதுவில் வைக்கும் கிடங்குக்குக் கட்டணம் இல்லை; தளம் ஒரு ஜிபிக்குள் இருக்க வேண்டும், மாதத்துக்கு 100 ஜிபி போக்குவரத்து வரை தாராளம். எழுத்து மட்டுமென்றால் இந்த எல்லை கண்ணிலேயே படாது. அட்டைப்படங்களின் ஸ்கேன்கள்தான் பூதம். அவற்றை ஹியூகோவை வைத்தே சுருக்கி வெப்பி வடிவத்துக்கு மாற்றினாள். முதலில் ஏற்றியபோது எழுத்துகள் எந்த ஒழுங்குமின்றி இடது ஓரத்தில் குவிந்து நின்றன. அவளுக்கு உடனே தெரிந்தது: தளம் துணைப் பாதையில் இருக்கிறது, கான்ஃபிக்கில் இருக்கும் அடிப்படை முகவரியில் அந்தப் பாதை இல்லை, பிரவுசர் ஸ்டைல் ஃபைலை வேறெங்கோ தேடிக்கொண்டிருக்கிறது. ஒரு வரி திருத்தியதும் சரியாயிற்று. சப்மாட்யூலையும் சேர்த்து எடுக்கச் சொல்லி, தளத்தைத் தயாரித்து ஏற்றும் தானியங்கி வேலைக்கான ஃபைலில் முன்பே எழுதியிருந்தாள். அதை மறந்தால் தீம் ஃபோல்டர் காலியாகவே போகும், பக்கங்கள் வெறுமையாக வரும்.

கிளம்புவதற்கு முன் தீமின் அப்டேட்டைப் பற்றியும் கேட்டேன். டிரேசிங் தாள் முறைக்கு ஒரு விலை உண்டு: நாம் நகலெடுத்த ஃபைல் நகலெடுத்த நாளிலேயே நின்றுவிடும்; தீமில் அதே ஃபைல் திருந்தினால் நமக்கு வந்து சேராது. ஹியூகோவும் சும்மா இருப்பதில்லை. 2025-ல் வந்த 0.146 பதிப்பில் டெம்ப்ளேட் ஃபோல்டர்களின் பெயர்களையே மாற்றிவிட்டார்கள், பழைய பெயர்கள் ஏற்கப்பட்டாலும். அதனால் அவள் ஹியூகோவின் பதிப்பு எண்ணைத் தானியங்கி வேலையில் கட்டிவைத்திருக்கிறாள். நகலெடுத்த டெம்ப்ளேட்டுகள் எவை, ஏன் என்பதையும் தமிழில் ஒரு பக்கம் எழுதி அதே கிடங்கில் வைத்திருக்கிறாள். ஆசிரியர் அதைத் தாளில் அச்செடுத்துத் தரச் சொன்னார். சிவப்பு மையில் சந்திப்பிழைகளைத் திருத்தி, சரிசெய்து மறுபடி ஏற்றும்படி அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.