அத்தானின் பாட்டுப் பெட்டி
பெரணமல்லூரில் என் அக்கா வீட்டில் பட்டுத் தறிச் சத்தம் உண்டு. பழகிப் போன சத்தம். அத்தான் ஆம்பிளிபயரைப் போட்டாலோ 'ம்ம்ம்' என்று உறுமல்! பிரிட்ஜ் கிளம்பினால் ஒரு 'டப்'.

"பிளக்கின் பெரிய பின்னை எடுத்துவிடுங்கள்" என்று யாரோ சொல்ல, அத்தான் பிளேயரோடு உட்கார்ந்துவிட்டார். அக்கா விடவில்லை. நல்ல காலம்! அதுதான், சகோதரிகளே, எர்த் பின். உள்ளே கம்பி கழன்று இரும்புப் பெட்டியில் பட்டால், 230 வோல்ட்டும் பூமிக்குப் போகும் வழி அது. அது இல்லாவிட்டால் பெட்டியைத் தொடும் குழந்தையின் உடம்பு வழியே போகும்.

எலெக்ட்ரீஷியன் வந்து மெயின் போர்டிலிருந்து தனி லயன் இழுத்தார்: 2.5 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பி, தனி எம்.ஸி.பி. எல்லாக் கருவிகளுக்கும் ஒரே இடத்தில் எர்த். வெவ்வேறு பிளக்குகளின் எர்த்துகளுக்கிடையே சுற்றிக்கொண்டிருந்த மின்சாரம்தான் உறுமியதாம். அது நின்றது. 'டப்' எப்போதாவது கேட்கிறது, மெயின் ஒன்றுதானே?

அக்கா இப்போது மிக்ஸிக்கும் தனி லயன் கேட்கிறாள்.