பட்டா புத்தகத்தில் ஒரு கையெழுத்து

திருட்டு விஷயத்தில் எங்கள் அம்பாசமுத்திரத்தில் இரண்டு கட்சிகள் உண்டு. ஒன்று, 'ஆள் பத்தாது' கட்சி. இன்னொன்று, 'அடி பத்தாது' கட்சி. யார் வீட்டிலாவது பைக் காணாமல் போனால் போதும், டீக்கடை பெஞ்சில் இரண்டும் மோதிக்கொள்ளும்.

"ஸ்டேஷன்ல இன்னும் பத்து போலீசைப் போடணும் அண்ணாச்சி!"

"பத்து எதுக்குவே? ரெண்டு பேர் போதும். பிடிச்சு நல்லா நொறுக்கினா அடுத்தவன் வருவானா?"

வடை தீரும்வரை விவாதம் நடக்கும். நான் மூன்றாவது கட்சி. மொத்தமே ஒரு உறுப்பினர்தான். வீட்டில்கூட ஆதரவு கிடையாது.

முதலில் ஆள் கணக்கைப் பார்ப்போம். ஒரு ஸ்டேஷனில் இத்தனை பேர் என்று காகிதத்தில் இருக்கும். அதில் ஒருவர் வாசலில் துப்பாக்கியோடு பாரா. ஒருவர் ரைட்டர். அவர் எழுதி எழுதியே ரிட்டயர் ஆகிறவர். ஒருவர் கோர்ட்டுக்கு, ஒருவர் சம்மன் கொடுக்க, இரண்டு பேர் கைதியைக் கூட்டிக்கொண்டு பாளையங்கோட்டை ஜெயிலுக்கு. மிச்சம் இருப்பவர்களைச் சாமிகள் பங்கு போட்டுக்கொள்ளும். ஆனியில் நெல்லையப்பர் தேர். ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார். தசராவுக்குக் குலசேகரன்பட்டினம். அது முடிந்து மூச்சு விடுவதற்குள் திருச்செந்தூர் சூரசம்ஹாரம். நடுவில் மந்திரி வேறு வருவார். 'பக்கத்திலேயே மணிமுத்தாறில் ஒரு பட்டாலியனே இருக்கிறதே?' என்பீர்கள். அது சிறப்புக் காவல் படை ஸார். கலவரத்துக்கும் பந்தோபஸ்துக்கும் போகிற படை. மீனாட்சியக்கா வீட்டு செம்புக்குடம் காணோம் என்றால் பட்டாலியன் இறங்காது!

போலீஸ்காரரும் மனுஷர்தானே. கான்ஸ்டபிள்களுக்கும் ஏட்டுகளுக்கும் வாரம் ஒரு நாள் லீவு என்று தமிழ்நாட்டில் உத்தரவு போட்டதே 2021-ல்தான். அதுவரை ஞாயிற்றுக்கிழமை என்பது அவர்களுக்குக் காலண்டரில் ஒரு சிவப்பு நம்பர், அவ்வளவுதான்.

ஆக, பத்துப் பேரைக் கூடுதலாகப் போட்டாலும் தெருவுக்கு எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்பதுதான் கேள்வி.

எங்கள் திருநெல்வேலிச் சீமையில் போலீசுக்கு முன்னாலேயே 'காவல்' என்று ஒரு ஏற்பாடு இருந்தது. ஊர் சேர்ந்து காவல்காரருக்குக் கூலி கொடுக்கும். மாடு களவு போனால் அவர் கண்டுபிடித்துத் தரவேண்டும். இல்லாவிட்டால் விலையைக் கொடுக்கவேண்டும். கேட்க நன்றாக இருக்கிறதல்லவா? ஆனால் காவல்கூலி தராதவன் மாடுதான் முதலில் காணாமல் போகும்! 'துப்புக்கூலி' கொடுத்தால் எங்கேயாவது ஓடைக்கரையில் கட்டிக் கிடக்கும். வெள்ளைக்காரன் 1859-ல் மதராஸ் ஜில்லாப் போலீஸ் சட்டம் கொண்டுவந்து, சம்பளத்தையும் சட்டையையும் சர்க்கார் கணக்கில் சேர்த்தான். அந்தப் பழைய காவல் திரும்பி வரவேண்டாம், சாமி. ஆனால் காவல்காரருக்கு ஊரில் ஒவ்வொரு முகமும் தெரியும். அது மட்டும் சட்டையோடு சேர்ந்து வரவில்லை.

கொஞ்ச காலம் வந்தது என்றும் சொல்லலாம். எங்கள் தெரு முனை வீட்டுத் திண்ணைச் சுவரில் ஒரு பட்டா புத்தகம் தொங்கும். ராத்திரி ரோந்து வருகிற ஏட்டையா டார்ச் அடித்து, அதில் நேரத்தைப் போட்டுக் கையெழுத்து வைப்பார். யார் ஊருக்குப் போயிருக்கிறார்கள், எந்த வீடு பூட்டிக் கிடக்கிறது எல்லாம் அவருக்கு அத்துப்படி. "ஏலே, பரீட்சை நெருங்குது. உன் ரூம்ல லைட்டைக் காணோமே?" என்று என்னைக் கேட்பார். திருடனைவிட நான்தான் அவருக்குப் பயந்தேன்.

திருச்சியில் 1999-லிருந்து இரண்டு வருஷம் கமிஷனராக இருந்த ஜே.கே.திரிபாதி இதைத்தான் ஒழுங்குபடுத்திச் செய்தார். நகரத்தைச் சின்னச் சின்ன பீட்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நிரந்தரமாகச் சில கான்ஸ்டபிள்கள். இன்றைக்கு இங்கே, நாளைக்கு அங்கே என்று பந்தாடுவது இல்லை. ஸ்டேஷனுக்கு வரப் பயந்தவர்களுக்காகத் தெருவில் புகார்ப் பெட்டி. வெளிநாட்டிலெல்லாம் பேர் வாங்கிய திட்டம்.

இப்போது 'அடி பத்தாது' கட்சிக்கு வருகிறேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம், கல்லிடைக்குறிச்சி குலசேகரமுடையார் கோயில் நடராஜர் 1982-ல் களவு போனார். கண்டுபிடிக்க முடியாது என்று 1984-ல் ஃபைலை மூடினார்கள். போனவர் ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு மியூசியத்தில் நின்றுகொண்டிருந்தார்! சிலைத் தடுப்புப் பிரிவு கேஸைத் திரும்ப எடுத்து, 2019-ல் அவரை ஊருக்குக் கொண்டுவந்தது. 37 வருஷம். காகிதத்தையும் போட்டோவையும் பொறுமையாகப் பார்த்தார்கள். அடிலெய்டுக்காரர் யாரையும் கட்டிவைத்து அடிக்கவில்லை.

அதே ஆற்றங்கரையில்தான் 2023 மார்ச்சில் அந்த விவகாரம் வெடித்தது. விசாரணைக்கென்று பிடித்து வந்த இளைஞர்களின் பல்லைப் பிடுங்கியதாக, அப்போது இங்கே இருந்த ஏ.எஸ்.பி. மேல் குற்றச்சாட்டு. அவரை சஸ்பெண்ட் செய்தார்கள், சி.பி.சி.ஐ.டி. விசாரித்தது, கோர்ட்டுக்குப் போனது. தீர்ப்புச் சொல்ல நான் யார்? டீக்கடையில் 'நல்லா வேணும்' என்றவர்களும் உண்டு. நான் சொல்ல வந்தது அடுத்த வீட்டுச் சங்கதி.

அடுத்த வீட்டு அம்மா விதவை. ஒரே மகன், இப்போது வேலையில்லை. போன வருஷம் விடியற்காலை கோலம் போடும்போது பைக்கில் வந்தவன் இரண்டு பவுன் செயினை அறுத்துக்கொண்டு போய்விட்டான். கழுத்தில் ரத்தக் கோடு. "வாங்கம்மா, ஸ்டேஷனுக்குப் போவோம்" என்றேன்.

"வேண்டாம் அண்ணாச்சி. போனது போவட்டும். 'வீட்ல யார் இருக்கா, பையன் என்ன செய்தான்'னு முதல்ல அவனைத்தான் கூப்பிடுவாவ. எம்புள்ள வாயில பல்லு இருக்கட்டும்."

2024 ஜூலையில் வந்த புதுச் சட்டப்படி வீட்டிலிருந்தே செல்போனில் புகார் கொடுக்கலாம் என்று விளக்கினேன். "அப்ப அங்க போவவே வேண்டாமா?" என்றார். மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போடவேண்டும் என்றேன். "அதான பார்த்தேன்!" என்று உள்ளே போய்விட்டார்.

செயினை அறுத்தவனுக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறென்ன வேண்டும்?

இரண்டு வாரம் கழித்து எங்கள் வரிசையில் யாருக்கோ சம்மன் கொடுக்க ஒரு பெண் கான்ஸ்டபிள் வந்தது. இருபத்தைந்து வயசு இருக்கும். குடிக்கத் தண்ணீர் கேட்டது அந்த அம்மாவிடம்தான். செம்பைக் கொடுத்தபோது கழுத்துத் தழும்பைப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது?" என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டது. அரைமணி நேரம் பேசினார்கள். மறுநாள் அந்தப் பெண்ணே கூடவர, புகாரும் எழுதி, சி.எஸ்.ஆர். ரசீதும் வாங்கியாகிவிட்டது. மகனை யாரும் கூப்பிடவில்லை.

செயின் இன்னும் கிடைக்கவில்லை. ரசீது முருகர் படத்துக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது. ஐப்பசியில் ஒருநாள் அந்த அம்மா, விசாரித்துவிட்டு வரலாம் என்று தைரியமாகத் தனியாகவே ஸ்டேஷனுக்குப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"அந்தப் பிள்ளைய திருச்செந்தூர் பந்தோபஸ்துக்கு அனுப்பிட்டாவளாம் அண்ணாச்சி!"