ரதத்துக்குப் பின்னால் நிற்காதீங்க



நான் கன்டெய்னர் லோரி ஓட்டுறவன். 40 அடி டிரெய்லரையே ரிவர்ஸ் எடுக்கிறவனுக்கு கோயில் ரதம் ஒரு பெரிய விஷயமான்னு நினைச்சேன். போன வருஷத் திருவிழாவோட அந்த நினைப்பு போச்சு.

லோரியில் டிரெய்லரின் முன்பாரம் பின்சக்கரத்துக்கு மேலேயே உட்காரும். டிரெய்லரும் நீளம். அதனால் நிதானமாகத்தான் திரும்பும். நம்ம ரதம் அப்படியில்லை. பிக்கப் வண்டிக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுக்கிறோம், நீளமும் குறைவு. ரிவர்ஸில் ஸ்டீரிங்கைக் கொஞ்சம் திருப்பினாலே ரதத்தின் பின்பக்கம் எதிர்ப்பக்கமாகப் பாயும்.

தாமான் முச்சந்தியில் வழி அடைச்சிருந்தது. லோரிப் பழக்கத்தில் ஸ்டீரிங்கை அதிகமாத் திருப்பிட்டேன். ரதம் சட்டுன்னு மடங்கி கால்வாய் பக்கம் போச்சு. கண்ணாடியில் பூ அலங்காரம் மட்டும்தான் தெரிஞ்சது. ஒரு அக்கா “நிறுத்து தம்பி!”ன்னு கத்தினாங்க. இறங்கிப் பார்த்தா, அர்ச்சனைத் தட்டோட ஒரு சின்னப் பிள்ளை, ஒரு முழம் தள்ளி நிக்குது. அம்மன்தான் காப்பாத்தினா. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரலை.

இந்த வருஷம் ரதத்தின் பின்னால் இரண்டு தொண்டர்கள் நிற்பாங்க. அவங்க கண்ணாடியில் தெரியலைன்னா நான் வண்டியை அசைக்க மாட்டேன்.

உங்ககிட்ட கேட்பது இரண்டுதான். வண்டிக்கும் ரதத்துக்கும் நடுவில் புகுந்து போகாதீங்க. திருப்பத்தில் உள்பக்கம் நிற்காதீங்க, பின்சக்கரம் உள்ளே வெட்டி வரும். தொண்டர்கள் தடுத்தா கோபப்படாதீங்க. தட்டை அவங்ககிட்ட கொடுங்க, அர்ச்சனை நடக்கும்.

ஓம் சக்தி.