ரும்டெக் மலையில் கனவுக் கல்வி

கொல்கத்தாவில் வாழும் நம்மவர் மலை நாடு காண விரும்பினால் பெரும்பாலும் டார்ஜிலிங்கோடு திரும்பிவிடுகின்றனர். சிக்கிம் வரை செல்வோரும் காங்டாக் கடைத்தெருவையும் பனி ஏரியையும் கண்டு, புகைப்படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவர். அம்மலையில் வேறொரு பொருளும் உண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நம் வங்க, மகத நாடுகளிலிருந்து பனிமலை கடந்து சென்று, பின்பு அகதியாகத் திரும்பி வந்த ஒரு கல்வி அது. உறங்கும்போது, ‘இது கனவு’ என்று கனவினுள்ளேயே அறிந்திருக்கும் கல்வி. சென்ற ஐப்பசியில் என் தமக்கையாருடன் அதனைத் தேடிச் சென்ற வரலாற்றை இங்கு எழுதுகிறேன்.

சியால்தாவில் இரவு வண்டி ஏறினால் காலையில் நியூ ஜல்பாய்குரி. அங்கிருந்து வாடகை ஜீப்பில் நான்கைந்து மணி நேரப் பயணம். சேவோக்கைக் கடந்ததும் தீஸ்தா நதி வந்து சேர்ந்துகொள்கிறது. ஐப்பசிக்கு மேல் அதன் நீர் பச்சை. மழைக்காலத்தில் வெறும் சேறு. 2023 அக்டோபரில் லோனாக் பனியேரி உடைந்து பெருகிய வெள்ளத்தின் வடுக்கள் கரையெங்கும் தெரிகின்றன. ரங்போவில் சிக்கிம் எல்லை. காங்டாக்கை அடையுமுன்னரே ராணிபூலில் ஒரு பாதை பிரிந்து, ஆற்றைக் கடந்து, எதிர்மலையில் ஏறுகிறது. அம்மலையில்தான் ரும்டெக் மடாலயம் இருக்கிறது. காங்டாக்கிலிருந்து சென்றால் இருபத்துநான்கு கிலோமீட்டர். மடத்து முற்றத்தில் நின்று பார்த்தால், பள்ளத்தாக்கிற்கு அப்பால் காங்டாக் நகரம் முழுவதும் மலைச்சரிவில் கொலுப்படிபோல் தெரியும்.

வாயிலில் காவற்படையினர் அடையாளச் சீட்டைப் பார்க்கின்றனர். அடுத்த கர்மாபா யார் என்னும் வழக்கினால் வந்த காவல் அது; அதில் நமக்கு வேலையில்லை. உள்ளே நுழைந்தால் அகன்ற கல் முற்றம், சுற்றிலும் துறவியர் அறைகள், நடுவே வண்ணத் தூண்களோடு பெரிய கோயில். 1959இல் திபெத்தினின்றும் வெளியேறிய பதினாறாம் கர்மாபா ரங்ஜுங் ரிக்பே டோர்ஜேக்குச் சிக்கிம் அரசர் தாஷி நம்கியால் இவ்விடத்தில் நிலம் அளித்தார். 1966இல் கட்டடம் நிறைவுற்றது. 1981இல் மறைந்த அவருடைய நினைவுத் தூபி, பொன்னும் மணியும் பதித்து, பின்புறத்தில் உள்ளது. அருகிலுள்ள கல்லூரிக்கு நாளந்தா என்று பெயர். அப்பெயர் அலங்காரத்திற்காக இடப்பட்டதன்று.

திலோபர் என்னும் வங்கச் சித்தரிடமிருந்து நாரோபர் ஆறு யோகங்களைப் பெற்றார். நாரோபர் நாளந்தாவின் பேரறிஞராக இருந்து, புத்தக அறிவு போதாதென்று துறந்து சென்றவர் எனத் திபெத்திய நூல்கள் கூறும். பதினோராம் நூற்றாண்டில் மார்பா என்னும் திபெத்திய இல்லறத்தார் பொன் சுமந்து பன்முறை இந்தியாவுக்கு நடந்து வந்து, அவற்றைக் கற்று, மொழிபெயர்த்து எடுத்துச் சென்றார். மார்பாவிடமிருந்து மிலரேபா, அவரிடமிருந்து கம்போபா, அவரிடமிருந்து முதற் கர்மாபாவாகிய தூசும் கியென்பா (1110–1193). இவர் தம் ஐம்பதாம் வயதில், கனவு யோகத்தில் நின்றே ஞானம் எய்தினார் என்பது அம்மரபின் நம்பிக்கை. ஆகவே ரும்டெக்கில் கனவைப் பற்றிக் கேட்பது பழநியில் முருகனைப் பற்றிக் கேட்பது போன்றது.

ஆறு யோகங்களாவன: உள்வெப்பம், மாயவுடல், கனவு, தெள்ளொளி, மரணத்திற்கும் மறுபிறப்பிற்கும் இடைப்பட்ட நிலை, உயிர்பெயர்ப்பு. கனவை அவர்கள் ‘மிலாம்’ என்பர். இடைநிலைக்குப் ‘பார்தோ’ என்று பெயர். மிலாமைப் பயில்வதே பார்தோவுக்காகத்தான். கனவைக் கனவென்று அறியாதவன், இறந்தபின் எதிர்ப்படும் ஒளிகளையும் உருவங்களையும் தன் மனத்தின் தோற்றமென்று எவ்வாறு அறிவான் என்பது அவர்கள் வாதம்.

இக்கல்வி உலகறிய வந்த வழியில் நம் கொல்கத்தாவுக்கும் பங்கு உண்டு. காங்டாக்கில் அரசர் நடத்திய பள்ளியின் தலைமையாசிரியராயிருந்த லாமா காஜி தாவா சம்துப் என்பவரே இந்நூல்களை முதன்முதல் ஆங்கிலப்படுத்தினார். அவர் தொகுத்த ஆங்கில–திபெத்திய அகராதியைக் கல்கத்தாப் பல்கலைக்கழகம் 1919இல் வெளியிட்டது. அங்கேயே ஆசிரியப் பணியேற்று, 1922இல் இந்நகரிலேயே காலமானார். அவர் மொழிபெயர்ப்புகளை அமெரிக்க அறிஞர் எவான்ஸ்-வென்ட்ஸ் பதிப்பித்தார். கனவு யோகம் அடங்கிய நூல் 1935இல் வெளிவந்தது. பதிப்பாசிரியர் தம் சொந்தக் கொள்கைகளையும் குறிப்புகளில் கலந்துவிட்டார் என்பது பின்வந்த அறிஞர் கூறும் குறை. அதே 1935இல் அவர் திருவண்ணாமலைக்கு வந்து ரமண மகரிஷியைக் கண்டார். நனவும் கனவே, நீளமே வேற்றுமை என்று சொல்லிவந்த முனிவரைக் காண இவர் சென்றது பொருத்தமே.

பயிற்சியின் முறை எளிதாகச் சொல்லக்கூடியது, செய்வது அரிது. பகல் முழுதும், காண்பது கேட்பது யாவும் கனவு போன்றது என்று இடையறாது நினைக்க வேண்டும். வசையும் புகழும் வரும்போது சிறப்பாக நினைக்க வேண்டும். இரவில், ‘இன்று கனவை அறிவேன்’ என்று உறுதி பூண்டு, புத்தர் பரிநிர்வாணத்தில் கிடந்த கோலத்தில் வலப்பக்கம் சாய்ந்து படுத்து, கண்டத்தில் சிவந்த தாமரையையும் அதன்மேல் ஓர் எழுத்தையும் பாவித்தபடி உறங்க வேண்டும். கனவு தெரிந்துவிட்டால் அதனை மாற்றப் பழக வேண்டும். தீ வந்தால் நீராக்குவது, சிறியதைப் பெரிதாக்குவது, ஒன்றைப் பலவாக்குவது. வெள்ளம் வந்தால் அதில் குதிப்பது. கனவு வெள்ளம் யாரையும் நனைப்பதில்லை. முடிவில் உருவங்களையெல்லாம் விட்டு ஒளியில் அமர்வது.

கண்டம் என்று கேட்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நம் சைவ சித்தாந்தத்தில் ஐந்து அவத்தைகள் கூறுவர். நனவில் உயிர் புருவ நடுவில் நிற்கும், கனவில் கண்டத்தில், உறக்கத்தில் இதயத்தில், பேருறக்கத்தில் உந்தியில், உயிர்ப்படங்கலில் மூலாதாரத்தில். மெய்கண்டார் சிவஞான போதத்தின் நான்காம் சூத்திரத்தில் அவத்தைகளைப் பேசுகிறார். நாரோபர் மரபினரும் நம்மவரும் கனவுக்கு ஒரே இடத்தைக் குறித்தது எங்ஙனம்? இரு சாராருக்கும் பொதுவான பழைய யோக மரபிலிருந்து வந்தது என்று கொள்வதே தகும். ஒருவர் மற்றவரிடம் கடன் பெற்றார் என்று சொல்ல நான் துணியேன். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. நாம் கனவு நிலையை உயிரின் கட்டுண்ட நிலைகளுள் ஒன்றாக எண்ணி ஆராய்ந்தோம். அவர்கள் அதனையே பயிற்சிக் களமாக்கினர்.

இனி, நாங்கள் சென்ற காரியம். அத்தான் இறந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அக்காவுக்கு அடிக்கடி ஒரே கனவு. அம்பாசமுத்திரத்து வீட்டுத் திண்ணையில் அவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பார். இவர் வாய் திறந்தவுடன் விழிப்பு வந்துவிடும். அந்த வீடும் விற்றாயிற்று. கனவில் தங்கும் வித்தையை லாமாக்கள் அறிவர் என்று யாரோ சொல்ல, “தம்பி, ஒரு தடவை கேட்டுப் பார்த்துவிடலாமே” என்றார். ஒரு விடியற்காலைக்குள் அவருடன் பத்து நிமிடம் பேசிவிட வேண்டும், வேண்டியது அவ்வளவுதான்.

முதிய துறவி ஒருவர் எங்களை ஒரு சிறு அறையில் அமரச் செய்து, உப்பிட்ட வெண்ணெய்த் தேநீர் கொடுத்தார். (நம் நாவிற்கு அதனைத் தேநீரென்று எண்ணாமல் ரசமென்று எண்ணிக் குடிப்பது நன்று.) இளந்துறவி ஒருவர் இந்தியில் மொழிபெயர்த்தார். அக்கா சொன்னதை முழுதும் கேட்டபின், முதியவர், “அம்மா, நாங்கள் இதனை மூன்றாண்டு மூன்று மாதம் அடைபட்டிருக்கும் தவத்தில், மற்ற யோகங்களோடு சேர்த்துப் பயில்கிறோம். அதற்கு முன் தீட்சையும் லட்சக்கணக்கான வணக்கங்களும் உண்டு. வழியில் வந்தவருக்கு எடுத்துக் கொடுக்கும் பொருளன்று” என்றார். அக்காவின் முகம் வாடியது. அவர் அதனைக் கண்டு, “ஒன்று கேட்கிறேன். கனவென்று தெரிந்துவிட்டால் உங்கள் கணவரை என்ன செய்வீர்கள்?” என்று கேட்டார்.

“பேசுவேன்.”

“நீங்கள் அறிந்ததையே அவர் சொல்வார். எங்கள் பயிற்சியில் வந்த உருவத்தைப் பிடித்துவைக்கச் சொல்வதில்லை. மாற்றச் சொல்கிறோம், போக விடச் சொல்கிறோம். அது உங்களால் ஆகுமா?”

அக்கா விடை கூறவில்லை. இளந்துறவி சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு முதியவர், எவரும் செய்யத்தக்கது என்று இரண்டு கூறினார். உறங்குமுன் அன்றைய நாளை நடந்த கனவாக எண்ணிப் பார்ப்பது ஒன்று. விழித்தவுடன் எழாமல், அசையாமல், கண்டதை நினைவில் கூட்டுவது மற்றொன்று. உறக்கம் கெடுமாயின் இரண்டையும் விட்டுவிட வேண்டும் என்றும் சொன்னார்.

ஐயுறும் வாசகருக்கு ஒரு செய்தி. கனவினுள் விழிப்பு உண்டென்பதை மேனாட்டு அறிவியலாரும் பரிசோதித்துள்ளனர். 1975இல் இங்கிலாந்தின் ஹல் நகரில் கீத் ஹெர்ன் என்பவர், உறங்குபவரிடம் முன்னரே ஒரு குறிப்புப் பேசி வைத்தார். கனவை அறிந்ததும் கண்களை இடமும் வலமுமாக அசைக்க வேண்டும் என்பது அக்குறிப்பு. உடல் அசைவற்று உறங்க, கண்ணசைவு மட்டும் கருவியில் பதிவாயிற்று. சில ஆண்டுகளில் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீபன் லாபெர்ஜும் இதனையே நிறுவினார். இன்று இவ்வித்தையைப் பறந்து மகிழவும் விரும்பியதைக் கண்டு களிக்கவும் பயில்வோர் பலர். அதில் குற்றமில்லை; ஆயினும் வேள்விக்கு மூட்டிய தீயில் அப்பளம் சுடுவது போன்றதென்றே எனக்குத் தோன்றுகிறது.

அக்கா திரும்பி வந்தபின் அந்த இரண்டையும் விடாது செய்துவந்தார். மார்கழியில் ஒரு நாள் காலை, லேக் மார்க்கெட்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த என்னை நிறுத்தி, “தம்பி, ராத்திரி எனக்குத் தெரிந்தது. கனவுதான் என்று தெரிந்தே நின்றேன். விழிப்பு வரவில்லை” என்றார்.

“அத்தானிடம் என்ன கேட்டீர்கள்?”

“ஒன்றும் கேட்கவில்லை. ‘பனி இறங்குகிறது, உள்ளே போங்கள்’ என்றேன். பேப்பரை மடித்துக்கொண்டு எழுந்து போனார்.”

முருங்கைக்காய் கிடைத்தால் வாங்கி வரும்படி சொல்லிவிட்டு அவர் அடுக்களைக்குச் சென்றார்.

போக விரும்பும் குடும்பத்தினர் பங்குனி முதல் வைகாசி வரையிலோ, ஐப்பசி, கார்த்திகையிலோ செல்லலாம். ஆனி முதல் புரட்டாசி வரை மலைச்சரிவால் தீஸ்தாப் பாதை அடைபடுவதுண்டு. அடையாளச் சீட்டு அவசியம். காலையில் சென்றால் கோயிலில் துறவியர் ஓதுவதைக் கேட்கலாம். காங்டாக்கில் 1958இல் நேரு திறந்துவைத்த திபெத்தியவியல் நிலையத்தையும் விடாது காண்க; தாவா சம்துப் போன்றோர் உழைத்த சுவடிகள் எத்தகையன என்பதை அங்கு கண்ணாடிப் பேழைகளில் பார்க்கலாம்.