ஜக்கார்டுங்கிறது ஒரு மனுஷன் பேருங்க!

மேற்படிப்புக்காக பிரான்ஸ்ல இருக்கிற லியோன் நகரத்துக்கு வந்த முதல் வாரமே நூறு போட்டோ எடுத்துத் தள்ளிட்டேன். குன்று மேல நிக்கிற ஃபூர்வியேர் தேவாலயம், ரோன், சோன்னு ரெண்டு ஆறு, பாலம், பாலத்து மேல நான்! எல்லாத்தையும் காஞ்சிபுரத்துக்கு அனுப்பினேன். அம்மாகிட்டேர்ந்து ஒரே பதில்: "காலண்டர் மாதிரி இருக்குடா. நீ எங்க துணி காயப் போடறே, அதைக் காட்டு!"

செம பல்பு! அன்னையிலேர்ந்து தினம் ஒரு சாதாரண போட்டோன்னு முடிவு பண்ணினேன். ஹீட்டர் மேல காயற பனியன், கடையிலேர்ந்து ரூம் வர்றதுக்குள்ள முனை காணாமப் போன நீள ரொட்டி... இப்படி.

இந்த ஊருக்கும் அதுதான் பொருத்தம். லூமியர் சகோதரர்கள் 1895-ல இங்கேதான் கேமராவைச் சுழட்டினாங்க. எதைப் படம் பிடிச்சாங்க தெரியுமா? வேலை முடிஞ்சு தங்களோட தொழிற்சாலையிலேர்ந்து தொழிலாளிங்க வெளியே வர்றதை! ஒரு நிமிஷம்கூட ஓடாத அந்தப் படத்தால அந்தத் தெருவுக்கே இப்போ 'முதல் படத் தெரு'ன்னு பேரு.

ஒருநாள் ஒரு பழைய கட்டடத்தோட கதவு திறந்திருந்தது. உள்ளே போனா முற்றம், படிக்கட்டு, இன்னொரு கதவு... வெளியே வந்தா வேற தெரு! 'ட்ரபூல்'னு சொல்றாங்க. பட்டு நெசவாளிங்க மழையில நனையாம துணியைத் தூக்கிட்டுப் போன வழியாம். நான் 'வாவ்'னு கத்த, மாடியிலேர்ந்து ஒரு பாட்டி எட்டிப் பார்த்து உதட்டுல விரல் வெச்சாங்க. ஜனங்க குடியிருக்கிற வீடுங்க அது. சாரி கேட்டுட்டு, மொபைலைப் பாக்கெட்டுல போட்டுட்டு, பூனை மாதிரி வந்துட்டேன்.

ஆனா 'பட்டு நெசவாளி'ங்கிற வார்த்தை மட்டும் உள்ளே உறுத்திச்சு. எங்க அப்பாவும் பட்டு நெசவாளிதான். காலேஜ்ல யார் கேட்டாலும் "அப்பா பிசினஸ்"னு சொல்லியே நாலு வருஷம் ஓட்டினவன் நான்.

அடுத்த ஞாயிறு, நெசவாளிங்க வாழ்ந்த க்ருவா ரூஸ் மேட்டுக்கு ஏறினேன். அங்கே வீட்டுக்கு வீடு ஆளைவிடப் பெரிய ஜன்னல். உள்ளே கூரை கிட்டத்தட்ட 4 மீட்டர் உயரம்! எதுக்கு? தறியும் அது மேல உட்கார்ற ஜக்கார்டும் உள்ளே நிக்கணுமே! எங்க வீட்டுல தறிக்காகத் தரையில குழி தோண்டினோம். இவங்க கூரையையே உயர்த்திட்டாங்க.

அந்த மேட்டு சதுக்கத்துல ஒரு சிலை. கீழே பேரைப் படிச்சேன்... ஜக்கார்டு! 1752-ல இதே ஊர்ல பிறந்தவர். ஓட்டை போட்ட அட்டைகளை வரிசையா கோத்து, தறியில டிசைன் விழ வெச்சவர். உடனே அப்பாவுக்குப் போன் பண்ணினேன்.

"ஜக்கார்டுங்கிறது ஆளு பேராடா? நாப்பது வருஷமா மெஷின் பேருன்னுல்ல நெனச்சேன்!"

சிரிச்சார். அப்புறம் குரல் இறங்கிடுச்சு. "அங்கே இன்னும் தறி ஓடுதா?"

"மியூசியத்துல ஓட்டிக் காட்டறாங்கப்பா."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "சரி, சாப்பிடு"ன்னு வெச்சுட்டார்.

மறுநாள் காலையில வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ. அப்பா வாழ்க்கையிலேயே முதன்முதலா எடுத்தது. எங்க தறி, மேல ஜக்கார்டு, தொங்குற அட்டைங்க, பாதி நெஞ்ச அரக்கு முந்தானை. படம் முழுக்க ஆட்டம். ஓரத்துல அவரோட கட்டைவிரல் வேற!

அன்னைக்கு கிளாஸ்ல பக்கத்து சீட் பையன் எட்டிப் பார்த்து, "இது என்ன?"ன்னு கேட்டான்.

"எங்க அப்பாவோட தறி. அவர் நெசவாளி"ன்னேன்.

அந்தப் படம்தான் இப்போ என் மொபைல் வால்பேப்பர். கட்டைவிரலை வெட்டிட மனசு வரலை.