கொல்லிமலையில் குறட்டை விட்ட இன்டர்காம்

நாமக்கல் மாவட்டம், காரவள்ளி அடிவாரம். இங்கிருந்து கொல்லிமலைக்கு மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள். எதிரே பஸ் வருவது வளைவு திரும்பினால்தான் தெரியும். முன்னால் போகிறவர் பின்னால் வருகிறவரை உஷார்படுத்த ஹெல்மெட் இன்டர்காம் சௌகரியம்தான். புதுசாக இருக்கிற வரைக்கும்!

எங்களுடையதற்கு வயசு நாலு. பாதி மலையில் 'கொர்ர்' என்று குறட்டை விட்டுப் படுத்துவிட்டது. "பஸ் வருதுடா!" என்று முன்னால் போன நண்பன் கத்தியது, பிற்பாடு அவன் சொல்லித்தான் தெரியும். என்னைக் காப்பாற்றியது பஸ் டிரைவர் அடித்த ஹாரன்.

ஏன்? லித்தியம் பேட்டரி வருஷா வருஷம் தேயும். சார்ஜ் இல்லாமல் மாசக்கணக்கில் கிடந்தால் இன்னும் சீக்கிரம். ரப்பர் மூடி தளர்ந்தால் மழைத் தண்ணீர் உள்ளே போகும். நடுவில் மலை வந்தால் புதுசுக்கே சிக்னல் திணறும்.

அரட்டைக்கு இன்டர்காம் போதும் சார். வளைவுக்கு ஹாரன்தான்!